நிலத்தை எண்ணால் எழுதிய வில்லியம் லாம்டன்

நிலத்திற்கு இரண்டு உருவங்கள் உண்டு. நம் காலடியில் கிடக்கும் மண் ஓர் உருவம். கோடாகவும் எண்ணாகவும் தாளின்மேல் வரையப்பட்டுள்ள படம் மற்றோர் உருவம். மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் நாம். ஆயினும் எல்லை வழக்கு என்று ஒன்று எழுமாயின், வட்டாட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பேசுவது தாளின்மேல் உள்ள நிலமேயன்றிக் காலடியில் உள்ள நிலமன்று. தாளைப் படிக்கத் தெரிந்தவன் தன் நிலத்தைக் காத்துக்கொள்கிறான். தெரியாதவனோ பிறர் சொல்வதை நம்பிக் கைகட்டி நிற்கிறான்.

தென்னாட்டு நிலம் நம்பத்தக்க கணக்கோடு தாளில் ஏறிய வரலாறு 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையின் அடிவாரத்தில் தொடங்குகிறது. அதனைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. அவர் நம்மை ஆள வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் செய்த பணியும் முதலில் ஆள்வோர்க்கே பயன்பட்டது. இதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் ஏழைக் குடியில் பிறந்து, கணக்கறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு உயர்ந்த அம்மனிதரின் வாழ்க்கையில், கல்வியை நம்பி எழ விழையும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன.

எளிய குடியில் பிறப்பு

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் என்னும் மாநிலத்தில், நார்தாலர்ட்டன் நகருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாம்டன் பிறந்தார். பெற்றோர் எளிய உழவர்கள். செல்வமோ குலப்பெருமையோ அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் கணக்கில் இயல்பாகவே தேர்ச்சி இருந்தமையால், அருகில் இருந்த இலக்கணப் பள்ளியில் பயிலும் வாய்ப்புக் கிட்டியது.

1781இல் அவர் 33ஆம் காலாட்படையில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போருக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டே யார்க்டவுன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது அவரும் சிறைப்பட்டார். விடுதலையான பின்னர்ப் படைவீரர் குடியிருப்புகளைக் கண்காணிக்கும் சிறு பதவியில், இன்று கனடா எனப்படும் நாட்டின் குளிர்ந்த கரையில் பல ஆண்டுகளைக் கழித்தார். உடன் சேர்ந்தவர்கள் பதவி உயர்ந்து போக, அவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். ஆனால் அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. வானியலும், வடிவக் கணிதமும், நில அளவை நூல்களுமே அவருக்குத் தோழர்களாயின. பாராட்டுவோர் எவருமில்லாத இடத்தில் அவர் கற்ற கல்வியே பின்னாளில் அவரை உலகறியச் செய்தது.

விண்மீன் காட்டிய திசை

நாற்பது வயதைக் கடந்த பின்னரே லாம்டன் இந்தியாவுக்கு வந்தார். அவர் சேர்ந்திருந்த படைக்குத் தலைவர் ஆர்தர் வெல்லஸ்லி. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு என்று பெயர் பெற்றவர் இவரே.

1799இல் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டினத்தை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். ஓரிரவு தளபதி பெயர்ட் தலைமையில் ஒரு படைப்பிரிவு இருளில் நடந்துகொண்டிருந்தது. வடக்கே திரும்பித் தங்கள் பாசறையை அடையவேண்டிய அப்படை, வழிதவறித் தெற்கே எதிரியை நோக்கிச் சென்றுகொண்டிருந்ததை ஒருவரும் உணரவில்லை. லாம்டன் வானத்தைப் பார்த்தார். விண்மீன்களின் நிலையைக் கண்டு உண்மையை உணர்ந்து தளபதியிடம் கூறினார். தளபதி முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தபோது, விண்மீன்கள் சொன்னதே சரியென்று தெரிந்தது.

அவ்வாண்டு மே 4ஆம் நாள் திப்பு வீழ்ந்தார். அவருடைய குடும்பத்தார் நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் அதே கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வரலாற்றை நாம் அறிவோம். லாம்டனின் அளவைப்பணி அத்தகைய கொந்தளிப்பான காலத்திலேயே நடைபெற்றது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பரங்கிமலை அடிக்கோடு

மைசூர் வீழ்ந்தபின் கீழைக்கடல் முதல் மேலைக்கடல் வரை உள்ள நாடு ஆங்கிலேயர் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. ஆனால் அந்நாட்டின் சரியான படம் அவர்களிடம் இல்லை. வழிநெடுக நடந்தும் சக்கரம் உருட்டியும் அளந்த தொலைவுகளில் பிழைகள் மலிந்திருந்தன. கடற்கரை முதல் கடற்கரை வரை முக்கோணங்களை ஒன்றோடொன்று கோத்து அளந்தால், ஊர்களின் இடத்தைப் பிழையின்றி நிறுவலாம். பூமியின் வடிவத்தையும் கண்டறியலாம் என்று லாம்டன் திட்டம் தீட்டினார். வெல்லஸ்லியின் ஆதரவால் சென்னை அரசு அதற்கு இசைந்தது.

முக்கோண அளவையின் கருத்து மிக எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கத்தை அடுத்த முக்கோணத்திற்கு அடியாகக் கொள்ளலாம். இங்ஙனம் மலையிலிருந்து மலைக்குப் பார்வை ஒன்றினாலேயே நாட்டைக் கடந்து செல்லலாம். பத்தாம் வகுப்பில் நாம் கற்கும் முக்கோணவியலே இது. ஆனால் முதற்பக்கம் ஒன்றை மட்டும் தரையில் படுத்துத்தான் அளந்தாக வேண்டும். அதில் ஓரங்குலம் பிழைத்தால், நாடு முழுவதும் அப்பிழை தொடரும்.

அந்த முதற்பக்கமாகிய அடிக்கோட்டை 1802 ஏப்ரல் 10ஆம் நாள் லாம்டன் அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளம். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி அதற்குக் கருவியாயிற்று. அச்சங்கிலிக்கே ஒரு கதையுண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் இந்தியா வந்து சேர்ந்தது அது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். நீண்டால் அளவு பிழைக்கும். ஆகவே மரப்பெட்டிகளில் சங்கிலியைப் படுக்க வைத்து, நிழலுக்குக் கூடாரம் அமைத்து, வெப்பமானியைப் பார்த்துத் திருத்தம் செய்து, நானூறு முறை அதனை எடுத்து எடுத்து வைத்து மே மாதம் 22ஆம் நாள் முடித்தார்.

கோணங்களை அளக்க வேண்டிய பெரிய தியோடலைட் அரை டன் எடை கொண்டது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றி மொரீசியஸ் தீவுக்குக் கொண்டு சென்றனர். அக்கருவி எதற்காக என்பதை அறிந்த பிரெஞ்சு ஆளுநர், பகைநாட்டுப் பொருளென்றும் பாராமல் அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். போரிலும் அறிவுக்கு மதிப்பளித்த செயல் அது.

பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணச் சங்கிலி மேற்கு நோக்கி ஆர்க்காட்டுச் சமவெளியைக் கடந்து, மலைகளின் மீதேறி மைசூர் மேட்டுநிலத்தை அடைந்தது. 1804இல் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோட்டைத் தரையில் அளந்து, சென்னையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டனர். இரண்டிற்கும் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு! இருநூறு மைல் தொலைவைப் பார்வையாலும் கணக்காலும் கடந்துவந்த பின்னர்க் கிடைத்த முடிவு அது. மேலைக்கரையை எட்டியபோது, தீபகற்பத்தின் அகலம் அதுவரை படங்களில் காட்டப்பட்டதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்பதும் புலனாயிற்று. இத்துணைச் செலவு எதற்கு, ஓர் ஊருக்குச் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதாதா என்று கணக்குப் பார்த்த அதிகாரிகளும் அக்காலத்தில் இருந்தனர். அந்த 40 மைலே அவர்களுக்கு விடையாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிலில்

கன்னியாகுமரியை அடுத்த பகுதியிலிருந்து வடக்கே செல்லும் நெடிய அளவையே லாம்டனின் பெரும்பணி. ஏறத்தாழ 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, நம் வாணியம்பாடிக்கும் கிருஷ்ணகிரிக்கும் மேற்கே அது செல்கிறது. இதுவே பெருவில் எனப் பெயர் பெற்றது.

மலைநாட்டில் பார்வைக்குத் தடையில்லை. காவிரிச் சமவெளியிலோ தென்னையும் பனையும் கண்ணை மறைத்தன. எனவே கோயிற் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் தியோடலைட்டைக் கயிறுகட்டித் தூக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் பெரிய வட்டம் நெளிந்துபோயிற்று. புதுக்கருவி வரவழைக்க ஆண்டுகள் ஆகும். வேறொருவராயின் பணியை நிறுத்தியிருப்பர். லாம்டனோ கூடாரத்தில் அமர்ந்து, ஆறு வார காலம் தம் கைகளாலேயே அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாகத் தட்டியும் இழுத்தும் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். அக்கருவி பின்னரும் பல ஆண்டுகள் பணி செய்தது.

தோள் கொடுத்தவர்கள்

அரை டன் கருவியை மலையுச்சிக்கு ஏற்றியவர் யார்? சங்கிலி பிடித்தவர் யார்? கொடி பிடித்துக் குன்றின்மேல் நாள்கணக்கில் நின்றவர் யார்? காடு திருத்திப் பார்வைக்கு வழி செய்தவர் யார்? இந்நாட்டு உழைப்பாளிகளே. காட்டுக் காய்ச்சலில் மாண்டோரும் அவர்களுள் பலர். அதிகாரிகளின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. இவர்களுடைய பெயர்களுக்கோ அவ்வேடுகளில் இடமில்லை. எழுதுகோல் கையில் இருந்தவர்கள் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு மறுபக்கமாக ஒரு செய்தியும் உண்டு. 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆதரவற்றோர் விடுதியில் வளர்ந்த கலப்பினச் சிறுவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். பெரும்பதவிகள் அவர்களுக்கு மூடப்பட்டிருந்த காலம் அது. ஆயினும் அளவைக் கல்வியைப் பெற்ற டி பென்னிங் என்பவர், லாம்டனின் வலக்கையாக விளங்கும் நிலைக்கு உயர்ந்தார். அச்சிறிய பள்ளியே வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியாக நிற்கிறது. எட்டுச் சிறுவரோடு தொடங்கிய பள்ளி எத்தனை தலைமுறைகளை உயர்த்தியிருக்கிறது என்பதை, கல்விக்காகக் கூடியுள்ள நம் சங்கம் எண்ணிப் பார்த்தல் தகும்.

பின்னாளில் 1831இல், இராதாநாத் சிக்தார் என்னும் வங்க இளைஞர் கணக்கிடுவோராக இப்பணியில் சேர்ந்தார். உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கால் கண்டறிந்ததில் அவருடைய பங்கு பெரிது. சிகரத்திற்குச் சூட்டப்பட்டதோ லாம்டனுக்குப்பின் அளவையின் தலைவராயிருந்த எவரெஸ்டின் பெயர்.

கட்டத்திலிருந்து பாகைக்கு

லாம்டனின் உழைப்பு இன்று நமக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

பூமியின்மேல் ஓரிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு பாகைகளால் குறிக்கிறோம். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் இவற்றையே அடிப்படையாகக் கொண்டவை. நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் கொண்ட பெருந்தாளுக்கு ஓர் எண். அதனைப் பதினாறாகப் பகுத்தால் ஆங்கில எழுத்து ஒன்று. அதனையும் பதினாறாகப் பகுத்தால் மீண்டும் ஓர் எண். இம்முறைப்படி சத்துவாச்சாரியும் வேலூரும் அமைந்த தாள் 57 பி-1. ஆம்பூர் அமைந்த தாள் 57 எல்-9.

ஆனால் பாகையைக் கொண்டு தொலைவு காண்பது எளிதன்று. வடக்கே செல்லச் செல்லத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், ஒரு பாகையின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், படையினரின் வசதிக்காகப் படங்களின்மேல் சம சதுரக் கட்டங்களை அச்சிட்டனர். உருண்டையான நிலத்தை ஒரு கூம்பின்மேல் படியச் செய்து, அக்கூம்பை விரித்துத் தட்டையாக்கினால் கிடைக்கும் படத்தில் கட்டம் போடும் முறை அது. தமிழ்நாடு அடங்கிய மண்டலத்திற்கு 12 பாகை வட அட்சரேகையும் 80 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையும் சந்திக்கும் இடம் தொடக்கப் புள்ளி. குறை எண்கள் வாராதிருக்க, அப்புள்ளிக்கே கிழக்கெண் 30,00,000 கஜம் என்றும் வடக்கெண் 10,00,000 கஜம் என்றும் மதிப்புக் கொடுத்தனர்.

இனி ஒரு கணக்கைப் போடுவோம். பழைய படத்தில் ஓரிடத்தின் கிழக்கெண் 29,00,000 என்றும் வடக்கெண் 11,14,000 என்றும் இருக்கட்டும். தொடக்கப் புள்ளியின் எண்களோடு ஒப்பிட்டால், அவ்விடம் 1,00,000 கஜம் மேற்கிலும் 1,14,000 கஜம் வடக்கிலும் உள்ளது. நம் பகுதியில் ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 1,21,000 கஜம். ஒரு பாகைத் தீர்க்கரேகை ஏறத்தாழ 1,18,600 கஜம். வகுத்துப் பார்த்தால் வடக்கே 56½ நிமிடமும் மேற்கே 50½ நிமிடமும் கிடைக்கும். எனவே அவ்விடம் 12 பாகை 56½ நிமிட வட அட்சரேகை, 79 பாகை 9½ நிமிடக் கிழக்குத் தீர்க்கரேகை. அது நம் சத்துவாச்சாரியே! இது தோராயக் கணக்கு. கூம்பின் வளைவுக்கும் அளவு சுருக்கத்துக்கும் உரிய திருத்தங்களை அட்டவணையாலோ கணிப்பொறியாலோ சேர்த்தால் நுட்பமான விடை கிட்டும்.

இங்கே மிக்க எச்சரிக்கை வேண்டும். இக்கணக்குகள் எல்லாம் பூமி எவ்வளவு பெரியது, எத்துணைத் தட்டையானது என்ற ஓர் அளவை நம்பி நிற்கின்றன. லாம்டன் அளந்த வில்லையும் துணையாகக் கொண்டு 1830இல் எவரெஸ்ட் வகுத்த அளவே பழைய இந்தியப் படங்களுக்கு அடிப்படை. இன்று செயற்கைக்கோள் வழியாகக் கைப்பேசி காட்டும் பாகைகள், 1984ஆம் ஆண்டின் உலக அளவை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டிலும் பூமியின் நடுக்கோட்டு ஆரம் 860 மீட்டர் அளவுக்கு வேறுபடுகிறது. பூமியின் நடுப்புள்ளியாகக் கொண்ட இடமும் வேறுபடுகிறது. பழைய படத்தின் பாகையைத் திருத்தாமல் கைப்பேசியில் இட்டால், நூறு மீட்டருக்கும் மேலாக இடம் தவறும். நம் தெருக்களின் அகலத்தை எண்ணுங்கள்; நூறு மீட்டர் என்பது வேறொருவர் மனை. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப்பின் பொதுமக்களுக்கென வெளியிடப்படும் படங்கள் உலக அளவைக்கு மாற்றப்பட்டுள்ளன. ஆகவே எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும், எந்த அளவை, எந்தத் தொடக்கப்புள்ளி என்று அதன் ஓரக்குறிப்பை முதலில் படித்தல் வேண்டும்.

வழியிலேயே முடிந்த வாழ்வு

1818இல் லாம்டனின் பணி மாபெரும் முக்கோண அளவை என்னும் பெயரோடு தலைமை ஆளுநரின் நேரடி ஆட்சிக்கு வந்தது. இலண்டன் அரசவைக் கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. எனினும் அவர் ஓய்ந்து அமரவில்லை. தாயகத்திற்குத் திரும்பவும் இல்லை. முதுமையும் காசநோயும் வருத்திய நிலையிலும் அளவையை வடக்கே நகர்த்திக்கொண்டிருந்தார். நாகபுரியை நோக்கிச் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் ஹிங்கன்காட் என்னும் ஊரில், 1823 ஜனவரி 20ஆம் நாள் உயிர் நீத்தார். அவரது கல்லறை அங்கேயே உள்ளது. அவர் முடித்துச் சென்ற நிலப்பரப்பு 1,65,000 சதுர மைலுக்கும் மேல். எஞ்சிய பணியை எவரெஸ்ட் ஏற்று, 1841இல் பெருவில்லை இமயமலை அடிவாரம் வரை கொண்டு சேர்த்தார்.

இளைஞர்களே! லாம்டன் அளந்த நிலம் அவருடையதன்று. அவர் விட்டுச் சென்ற கணக்கோ எல்லார்க்கும் உரியது. முக்கோணத்தின் கோணங்கள் அளப்பவனின் சாதியைக் கேட்பதில்லை. சங்கிலியின் நீளம் செல்வனுக்கு ஒன்றாகவும் ஏழைக்கு ஒன்றாகவும் இருப்பதில்லை. 1892இல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்களுள் பெரும்பகுதி பிறர் கைக்குப் போன வரலாற்றை நம் முதியோர் அறிவர். போனதற்குக் காரணங்கள் பல: வறுமை, கடன், அச்சுறுத்தல். அவற்றோடு, தாளில் எழுதியிருப்பதைப் படித்து எதிர்வாதம் செய்ய வல்லார் ஊருக்கு ஒருவரும் இல்லாமற்போனதும் ஒரு காரணம்.

அக்குறை இனியும் நீடித்தல் ஆகாது. புல எண்ணும், புலப்படமும், அடங்கலும், கிராமப் படமும் அரசு ஏடுகள்; உரிய கட்டணம் செலுத்தினால் படி பெறலாம். கைப்பேசியோ இன்று ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் கணக்குப் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தாமே கண்டு, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. ஒருமுறை செய்து பார்த்தவன் மறக்கமாட்டான். அன்று சங்கிலியைச் சுமந்த கைகளுக்கு எழுதுகோல் மறுக்கப்பட்டிருந்தது. இன்று எழுதுகோல் நம் கையில் இருக்கிறது. நம் நிலத்தை நாமே படிப்போம், நாமே அளப்போம்.